பழைய லேண்ட்ரோவருக்கு எந்த எஞ்சின்? கேமரன் மலைக்கான வழிகாட்டி

மலேசியாவின் கேமரன் மலையில் பழைய லேண்ட்ரோவர் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கிறது. பிரிஞ்சாங், கம்போங் ராஜா, ரிங்லெட் பக்கத்துச் சரிவுகளில் முட்டைக்கோஸ் கூடையும் உரமூட்டையும் அதில்தான் ஏறுகின்றன. தேயிலைத் தோட்டத்து மண்பாதைகளிலும், சுங்கை பாலாஸ் வழியாகக் குனோங் பிரிஞ்சாங் உச்சிக்குச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப் போகும் ஓட்டத்திலும் அதைப் பார்க்கலாம். உடம்பு அலுமினியம், துருவேறி உதிராது. சேசிஸ் இற்றுப்போனால் வெட்டி வெல்டிங் வைக்கலாம். முதலில் கைவிடுவது எஞ்சின்தான். நீலப்புகை விடும், ஆயில் குடிக்கும், ஏற்றத்தில் இரண்டாவது கியருக்கு இறங்கியும் திணறும்.

அந்த நிலையில் ஆளுக்கொரு யோசனை வரும். பெரிய டர்போ வை என்பார் ஒருவர்; பழசையே ஓவர்ஹால் செய் என்பார் இன்னொருவர். கையில் பணம் நிறைய இருந்தால் எதையும் செய்து பார்க்கலாம். குறைந்த பணத்தில் மாற்றுகிறவர் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. புது எஞ்சினின் முறுக்கைப் பின்னாலிருக்கும் கியர்பாக்ஸும் ஆக்சிலும் தாங்குமா? பழுதானால் மறுநாளே சாமான் கிடைக்குமா? இரண்டுக்கும் ஆம் என்று பதில் வரும் எஞ்சினை வாங்குங்கள். குதிரைத்திறன் அதற்கு அடுத்ததுதான்.

முதலில் உங்கள் வண்டி எது?

1948 முதல் 1985 வரை வந்தவை சீரிஸ் வண்டிகள். 1958-இல் சீரிஸ் 2, 1961-இல் 2ஏ, 1971-இல் சீரிஸ் 3. மலையில் ஓடும் பழைய வண்டிகளில் பெரும்பாலும் எதிர்பார்க்கக்கூடியது 2.25 என்று அழைக்கப்படும் 2,286 சிசி எஞ்சின், பெட்ரோலாகவோ டீசலாகவோ. அந்த டீசலின் திறன் 62 குதிரை, முறுக்கு சுமார் 140 நியூட்டன் மீட்டர். கியர்பாக்ஸையும் பின் ஆக்சில் ஷாஃப்டையும் அந்த அளவுக்கான சுமையை நினைத்தே வடிவமைத்தார்கள். பாரம் ஏற்றிய வண்டி சேற்றில் சிக்கும்போது கிளட்சைத் திடீரென்று விட்டால், அசல் எஞ்சினிலேயே ஷாஃப்ட் முறிவதுண்டு.

பின்னாளில் வந்த 90, 110, டிஃபெண்டர் வகைகள் வேறு. அவற்றில் எல்டி77, 1994-க்குப் பிறகு ஆர்380 கியர்பாக்ஸ் இருக்கும். அவை கூடுதல் முறுக்கைத் தாங்கும். எந்த எஞ்சின் என்று விசாரிக்கும் முன், சீட்டுக்கு அடியில் எந்தக் கியர்பாக்ஸ் இருக்கிறது என்று பாருங்கள். பாதிப் பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

மலை கேட்கும் விலை

தானா ராத்தாவும் பிரிஞ்சாங்கும் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிடச் சுமார் ஏழில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் அதே அளவுக்குத் திறனை இழக்கும். ஈப்போவில் ஓட்டிப் பார்த்தபோது நன்றாக இழுத்த எஞ்சின் மேலே வந்ததும் சோர்ந்து தெரிவதற்கு இதுதான் காரணம். டர்போ இந்த இழப்பைப் பெரிதும் ஈடுகட்டும்.

குளிர் இன்னொன்று. விடியற்காலையில் கொழுந்து எடுக்கும் ஆட்களை ஏற்றிப் போகும் வண்டி ஒரே திருப்பில் எடுக்க வேண்டும். பழைய 2.25 டீசலில் எரிபொருள் நேராகச் சிலிண்டருக்குள் போவதில்லை, பக்கத்து அறையில் எரிந்து வருகிறது. குளோ பிளக் ஒன்று பழுதானாலும் காலையில் அடம்பிடிக்கும். நேரடியாகச் சிலிண்டருக்குள் டீசல் பீய்ச்சும் எஞ்சின்கள் குளிரில் சுலபமாக எடுக்கும்.

வழி 1: பழைய எஞ்சினையே ஓவர்ஹால் செய்வது

மாற்ற வேண்டிய எதுவும் இல்லை என்பதுதான் இதன் பெரிய பலம். மவுண்டிங், கிளட்ச், ரேடியேட்டர், எக்ஸாஸ்ட் எல்லாம் அப்படியே இருக்கும். வண்டிப் பதிவுச் சான்றான கிரானில் உள்ள எஞ்சின் எண்ணும் மாறாது. 2.25 பெட்ரோல் எளிமையான, பொறுமையான எஞ்சின். 1980-இலிருந்து வந்தவற்றில் கிராங்க் ஷாஃப்ட் ஐந்து மெயின் பேரிங்கில் நிற்கிறது, அதற்கு முந்தியவற்றில் மூன்றில். இரண்டும் கிடைக்கும் என்ற நிலை வந்தால் ஐந்தை எடுங்கள்.

குறை என்ன? ஓவர்ஹாலில் செலவு எங்கே நிற்கும் என்று எஞ்சினைப் பிரிக்கும்வரை தெரியாது. சிலிண்டர் போர் ஏற்கனவே பலமுறை பெரிதாக்கப்பட்டிருந்தால், ஸ்லீவ் போட வேண்டிவரும். கிராங்கும் தேய்ந்திருந்தால் செலவு இன்னும் ஏறும். ஆகவே பிரித்து அளந்த பிறகே முடிவெடுப்போம் என்று போர்மேனிடம் (பட்டறை மெக்கானிக்கிடம்) முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். நல்ல பிளாக் இருந்து, வண்டி வாரத்தில் சில நாள்தான் ஓடுகிறது என்றால், எல்லா வழிகளிலும் குறைந்த தொல்லை தருவது இதுதான்.

வழி 2: லேண்ட்ரோவரின் பிந்தைய டீசல்கள்

1990-களின் தொடக்கத்தில் டிஃபெண்டரில் வந்த 200டிடிஐ நல்ல எஞ்சின். 2,495 சிசி, நேரடி பீய்ச்சல், டர்போ, 107 குதிரை, 255 நியூட்டன் மீட்டர். 2.25 எஞ்சினின் வம்சத்தில் வந்தது என்பதால் பழைய பெல் ஹவுசிங்கோடு அதிகத் தொல்லையில்லாமல் பொருந்தும். 1994-இல் வந்த 300டிடிஐ இன்னும் மென்மையானது. ஆனால் சீரிஸ் வண்டியில் பொருத்த அதற்குக் கூடுதல் வேலை வேண்டும்.

முறுக்கைக் கவனியுங்கள். 140 தாங்கிய கியர்பாக்ஸ் இனி 255 தாங்க வேண்டும். நிதானமாக ஓட்டும் ஒருவர் கையில் அது பல ஆண்டு நிற்கலாம். பாரம் ஏற்றி, ஆளுக்கு ஆள் கைமாறி ஓட்டும் தோட்டத்து வண்டியில் நிற்பது கடினம். டிஃபெண்டர் வைத்திருப்பவருக்கு இந்த எஞ்சின்கள் மிகப் பொருத்தம். சீரிஸ் வைத்திருப்பவர் கியர்பாக்ஸ், ஆக்சில் செலவையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

இரண்டு எஞ்சின்களை ஒதுக்கலாம். 1986-இல் வந்த முதல் 2.5 டர்போ டீசல், பிஸ்டன் வெடிப்புக்குப் பேர்போனது. 1998-இல் வந்த டிடி5 பலமானது என்றாலும் கணினியும் வயரிங்கும் சேர்ந்து வரவேண்டும். குறைந்த பணத்தில் செய்யும் மாற்றத்துக்கு ஒத்துவராது.

வழி 3: இசுசு டீசல்

குறைந்த பணத்தில் தினமும் உழைக்கும் வண்டிக்கு என் முதல் தேர்வு இதுவே. 4ஜேஏ1 என்பது 2,499 சிசி. 4ஜேபி1 என்பது 2,771 சிசி. இரண்டும் நேரடி பீய்ச்சல், காலைக் குளிரில் சுலபமாக எடுப்பவை. தமிழ்நாட்டு வாசகர்களுக்கு 4ஜேஏ1 பழக்கமானதுதான்: ஷெவர்லே டவேராவை இழுத்தது அதே எஞ்சின். மலேசியாவில் இசுசு பிக்கப்புகளிலும் சின்ன லோரிகளிலும் இந்தக் குடும்பம் பல ஆண்டுகள் ஓடியதால், கேஸ்கெட்டும் வாட்டர் பம்பும் தேடி அலைய வேண்டியதில்லை.

டர்போ இல்லாத வகையின் முறுக்கு, பழைய பெட்ரோல் எஞ்சினைவிட வெகுதூரம் மேலே போகாது. ஆகவே சீரிஸ் கியர்பாக்ஸ் அதைத் தாங்கும். எஞ்சினையும் பெல் ஹவுசிங்கையும் இணைக்க இடையில் ஓர் அடாப்டர் தட்டு வேண்டும். அதன் மையம் இம்மியும் பிசகக் கூடாது. பிசகினால் கியர்பாக்ஸின் முன் பேரிங் சீக்கிரம் போய்விடும். இந்தத் தட்டை முன்பே செய்து பழகிய பட்டறையில் மட்டும் வேலையைக் கொடுங்கள்.

வாங்கும்போது இன்னொன்று கேளுங்கள். இதே குடும்பத்தில் சிலவற்றுக்கு டைமிங் பெல்ட், சிலவற்றுக்குப் பல்சக்கரம். பல்சக்கரம் கிடைத்தால் நல்லது. பெல்ட் என்றால் பொருத்தும் முன்பே புதிதாக மாற்றிவிடுங்கள்.

லேண்ட்ரோவரில் இசுசு வைப்பது மலைவாசிகளின் ஒட்டுவேலை என்று தயங்க வேண்டாம். 1980-களில் ஆஸ்திரேலியாவில் லேண்ட்ரோவர் 110 வண்டிக்குத் தொழிற்சாலையிலேயே இசுசுவின் 3.9 லிட்டர் டீசலை வைத்தார்கள். அந்நாட்டு ராணுவத்தின் பெரென்டி வண்டிகள் அதில்தான் ஓடின. டார்ஜிலிங் பக்கம் மானேபஞ்ஜங்கிலிருந்து சந்தக்ஃபூவுக்கு ஏறும் 1950-களின் லேண்ட்ரோவர்களில் பலவும் மகிந்திரா டீசல் எஞ்சினால் பிழைத்தவை. அங்கும் அருகில் சாமான் கிடைக்கும் எஞ்சினையே தேர்ந்தெடுத்தார்கள்.

வழி 4: நிசான், டொயோட்டா

நிசான் டிடி27, 2,663 சிசி, பல்சக்கர டைமிங், முரட்டு உழைப்பாளி. நல்லது ஒன்று குறைந்த விலைக்குக் கிடைத்தால் இசுசுவுக்கு நிகராக எடுத்துக்கொள்ளலாம். டொயோட்டாவின் 2எல், 2,446 சிசி. அதன் டர்போ வகைகளில் சிலிண்டர் ஹெட் வெடிக்கும் புகார் பரவலாக உண்டு. சூடேறிய வரலாறு தெரியாமல் வாங்க வேண்டாம். கணினியோடு வரும் காமன்ரெயில் டீசல் எதுவானாலும், இந்த வழிகாட்டிக்கு வெளியே விட்டுவிடுங்கள்.

டீசல் மலிவு என்ற கணக்கு

ஒரு காலத்தில் டீசலுக்கு மாறுவதே பெரிய லாபம். 2024 ஜூன் 10 அன்று தீபகற்ப மலேசியாவில் டீசல் லிட்டர் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டுக்கு ஏறியது. ரோன்95 பெட்ரோல் அப்போது 2.05 ரிங்கிட். பழைய பெட்ரோல் எஞ்சின் லிட்டருக்கு 6 கிலோமீட்டரும், டீசல் 9 கிலோமீட்டரும் தருவதாக வைத்துக்கொண்டால், பெட்ரோலில் கிலோமீட்டருக்கு 34 சென், டீசலில் 37 சென். பழைய டீசல் விலையில் அது 24 சென்னாக இருந்தது. பிறகும் விலை ஏறியிறங்கி வருவதால், முடிவெடுக்கும் வாரத்து விலையை வைத்து இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். தகுதியுள்ளவர்களுக்கு 2024-இல் மாதம் 200 ரிங்கிட்டாகத் தொடங்கிய பூடி மடானி டீசல் உதவி உங்களுக்குக் கிடைக்குமா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக மட்டும் பெட்ரோலைக் கழற்றுவதில் இன்று அர்த்தம் குறைவு. குறைந்த வேகத்திலேயே இழுக்கும் பலமும் நீண்ட ஆயுளும்தான் டீசலுக்கான உண்மையான காரணங்கள்.

போத்தோங் (பழைய உதிரிபாகக்) கடையில் பார்க்க வேண்டியவை

ஜப்பானிலிருந்து வெட்டிக் கொண்டுவந்த முன்பாதி வண்டியாக வாங்க முடிந்தால், ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், மவுண்டிங் எல்லாம் சேர்ந்தே வரும். தனியாக எஞ்சினை வாங்கினால் இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகத் தேட வேண்டும்.

- கடைக்காரர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திராத எஞ்சினாக, குளிர்ந்த நிலையில் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.
- ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். புகை குபுகுபுவென்று வந்தால் ரிங் தேய்ந்திருக்கிறது.
- மூடியின் அடியில் பால்போல் வெளுத்த படிவு இருந்தால் தண்ணீர் கலந்திருக்கலாம். வேண்டாம்.
- நான்கு சிலிண்டர்களிலும் கம்ப்ரெஷன் பாருங்கள். நான்கும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்க வேண்டும்.
- ஸ்டார்ட்டர் 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று படியுங்கள். ஜப்பானிய லோரி எஞ்சின்களில் 24 வருவதுண்டு. உங்கள் வண்டி 12.
- டீசல் பம்ப் முழுக்க மெக்கானிக்கலாக இருக்கட்டும்.
- பிளாக்கில் அடித்த எண் தெளிவாக இருக்கிறதா, காகிதத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். சுரண்டிய எண் உள்ள எஞ்சினை இலவசமாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

எஞ்சினுக்குப் பின்னால் வரும் செலவு

எஞ்சின் விலைக்கு நிகரான இன்னொரு தொகையை ஒதுக்கி வைத்துக்கொண்டு தொடங்குங்கள். அடாப்டர் தட்டு, கிளட்ச், மவுண்டிங், எக்ஸாஸ்ட், ரேடியேட்டர் குழாய், பெரிய பேட்டரி, பட்டறைக் கூலி என்று ஒவ்வொன்றாக வரும். பெட்ரோலிலிருந்து டீசலுக்குப் போகிறவர் பிரேக் சர்வோவை மறக்கக் கூடாது. பெட்ரோல் எஞ்சின் தானே உறிஞ்சு சக்தி தரும். டீசலுக்கு வாக்குவம் பம்ப் வேண்டும். சில ஜப்பானிய எஞ்சின்களில் அது ஆல்டர்னேட்டரோடு சேர்ந்தே இருக்கும். அப்படி இருப்பதைத் தேடி வாங்குவது நல்லது.

நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் உள்ள வண்டிக்கு வேகமான எஞ்சினைக் கொடுத்துவிட்டுத் தாப்பா இறக்கத்தில் அனுப்புவது ஆபத்து. பணம் போதவில்லை என்றால் எஞ்சின் தேர்வில் ஒரு படி இறங்குங்கள்; பிரேக்கில் இறங்க வேண்டாம்.

காகிதம்

எஞ்சின் எண்ணும் எரிபொருள் வகையும் வண்டியின் பதிவில் இருப்பவை. மாற்றினால் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயில் தெரிவித்து, வண்டியைப் பரிசோதனைக்குக் கொண்டுபோய்ப் பதிவைத் திருத்த வேண்டும். வாங்கிய ரசீதையும் இறக்குமதிச் சுங்கத் தாளையும் கடையிலேயே கேட்டு வாங்குங்கள். ரோட் டேக்ஸ் சிசி கணக்கில் வருவதால் 2,286-லிருந்து 2,771-க்குப் போவது ஆண்டுதோறும் உணரும் செலவு. தோட்டத்துக்குள்தானே ஓடுகிறது என்று பதிவைத் தள்ளிப்போட்டால், பொதுச்சாலையில் விபத்து நடக்கும் நாளில் காப்புறுதி கைகொடுக்காமல் போகலாம்.

யாருக்கு எது?

வாரத்தில் சில நாள் ஓடும், பிளாக் நன்றாக உள்ள சீரிஸ் வண்டி: பழைய எஞ்சினையே ஓவர்ஹால் செய்யுங்கள்.

தினமும் பாரம் ஏற்றும் சீரிஸ் வண்டி: டர்போ இல்லாத 4ஜேஏ1 அல்லது 4ஜேபி1. கிடைக்காவிட்டால் டிடி27.

ஆட்களை ஏற்றி உச்சிக்குப் போகும் 90, 110, டிஃபெண்டர்: 200டிடிஐ, 300டிடிஐ, அல்லது டர்போ உள்ள 4ஜேபி1. உயரத்து இழப்பை ஈடுகட்ட டர்போ இங்கே உதவும், கியர்பாக்ஸும் தாங்கும்.

அப்பா, தாத்தா ஓட்டிய வண்டியைக் காப்பாற்ற நினைப்பவர்: எதை வைத்தாலும் அசல் எஞ்சினை விற்காதீர்கள். ஆயில் ஊற்றி மூடி வையுங்கள். அடாப்டர் தட்டுக்காகச் சேசிஸையோ பெல் ஹவுசிங்கையோ வெட்ட விடாதீர்கள். திரும்பப் பொருத்தும் வழி இருக்கும்வரை அது அதே வண்டிதான்.

எதை முடிவு செய்தாலும், கடைக்குப் போகும் முன் வண்டியைப் பழுதுபார்க்கப் போகிற போர்மேனிடம் பேசுங்கள். அவர் பத்து முறை பிரித்துச் சேர்த்த சாதாரண எஞ்சின், அவர் கைபடாத சிறந்த எஞ்சினைவிட உங்களுக்கு நீண்ட நாள் உழைக்கும்.