இறுகாத ஸ்க்ரூ

கேள்வி: என் 1960களின் ஃபெண்டர் கிட்டார் ஆம்ப்ளிஃபயரில் சேஸிஸைத் தாங்கும் ஸ்க்ரூ இறுகாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: தள்ளிப்போடாதீர்கள். கனமான டிரான்ஸ்ஃபார்மர்களோடு அந்தச் சேஸிஸ் பெட்டியின் மேற்பலகையில்தான் தொங்குகிறது. முதலில், யாராவது மெட்ரிக் எம்5 ஸ்க்ரூ போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். அசல் ஸ்க்ரூ 10-32. அதாவது அங்குலத்துக்கு 32 மரை, விட்டம் 4.83 மி.மீ. எம்5-இன் விட்டம் 5 மி.மீ. மரை இடைவெளி கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பதால் லேசாக உள்ளே நுழையும், பிறகு சிக்கிக்கொள்ளும். விடாமல் முடுக்கினால் நட்டின் மரை போய்விடும். அப்படியானால் நட்டையே மாற்றுங்கள், 10-32 அளவிலேயே. ஆனால் கவனம்: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆம்ப்ளிஃபயரின் கெப்பாசிட்டர்களில் 400 வோல்ட் வரைகூட மிச்சமிருக்கலாம், உயிருக்கே ஆபத்து. விவரம் தெரிந்த மெக்கானிக் அந்த மின்னேற்றத்தை வெளியேற்றிய பிறகே கை வையுங்கள். பழைய நட்டை அறுத்தால், இரும்புத் தூள் துளிகூட உள்ளே தங்கக் கூடாது.