டிராம்பேயில் பறவை நலமும் நோய்த் தடுப்பும்

மும்பை மாநகரின் கிழக்கு விளிம்பில், தானே கடற்கழியை ஒட்டி அமைந்துள்ளது டிராம்பே. பாபா அணு ஆராய்ச்சி மையத்தால் நாடறிந்த இப்பகுதி, பறவைகளுக்கும் உறைவிடமாக விளங்குகிறது. கடற்கழியின் சேற்றுப் படுகைகளைப் பூநாரைகளும் பிற நீர்ப்பறவைகளும் ஆண்டுதோறும் நாடி வருகின்றன. கழியின் ஒரு பகுதி 2015ஆம் ஆண்டில் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் இடம்பெற்றது.

இதே வட்டாரத்தில் காகங்களும் பருந்துகளும் மொய்க்கும் தேவனார் குப்பைக் கிடங்கு உள்ளது. 1971 முதல் இயங்கும் தேவனார் இறைச்சிக்கூடம் அருகிலேயே இருக்கிறது. 1976இல் ஜனதா காலனியிலிருந்து அகற்றப்பட்டோர் குடியமர்த்தப்பட்ட சீட்டா கேம்ப்பில் தமிழ்க் குடும்பங்களும் பல உள்ளன. இத்தகைய நெருக்கமான குடியிருப்புகளில் கோழிகளைக் கூண்டில் அடைத்து உயிருடன் விற்கும் கடைகள் அன்றாட வாழ்வின் அங்கமாகும். காட்டுப் பறவை, குப்பையில் இரை தேடும் பறவை, கூண்டுக் கோழி, மனிதர் ஆகிய நால்வகை உயிர்களும் சில கிலோமீட்டர் தொலைவுக்குள் வாழும் இவ்விடத்தில், பறவை நலச் சட்டங்களையும் நோய்த் தடுப்புச் சட்டங்களையும் இணைத்து நோக்குவது பயனளிக்கும்.

நோய் பரவும் வழி

பறவைக் காய்ச்சலுக்குக் காரணமான வைரஸ் கிருமி, வாத்து முதலிய நீர்ப்பறவைகளின் குடலில் நோய்க்குறி எதுவும் தோன்றாமலே தங்கியிருக்கக்கூடும். அவற்றின் எச்சம் வழியாக அது நீரையும் சேற்றையும் அடைகிறது. இறந்த பறவைகளையும் கழிவுகளையும் உண்ணும் காகங்களுக்கு அது தொற்றக்கூடும். ஆயினும், பண்ணைக்கும் கடைக்கும் அதனைக் கொண்டு சேர்ப்பவை பெரும்பாலும் மனிதரின் செயல்களே. கழுவாத கூண்டு, வண்டிச் சக்கரம், செருப்பு, அசுத்தமான தீவனப் பாத்திரம் ஆகியவை கிருமியைச் சுமந்து செல்கின்றன. நெரிசலிலும் தாகத்திலும் வாடும் கோழியின் நோய் எதிர்ப்பு ஆற்றல் குன்றுகிறது. வெள்ளைக்கழிச்சல் போன்ற பிற நோய்களுக்கும் இது பொருந்தும்.

இந்தியாவில் கோழிகளிடையே எச்5 என்1 வகைக் காய்ச்சல் முதன்முதலாக 2006 பிப்ரவரியில், மகாராஷ்டிர மாநிலம் நந்துர்பார் மாவட்டத்தின் நவாப்பூரில் கண்டறியப்பட்டது. 2021 ஜனவரியில் அதே மாநிலத்தின் பர்பணி மாவட்டத்தில் நூற்றுக்கணக்கான கோழிகள் மடிந்தன. மும்பையிலும் தானேயிலும் இறந்த பறவைகளிடம் நோய் உறுதி செய்யப்பட்டது. டிராம்பேக்கு அடுத்துள்ள செம்பூரிலும் காகங்கள் இறந்து கிடந்தன. இறந்த பறவைகளைக் கண்டோர் 1916 என்ற எண்ணில் தெரிவிக்குமாறு மாநகராட்சி கேட்டுக்கொண்டது.

பராமரிப்பு பற்றிய சட்டம்

1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், மனிதர் நீங்கலான எல்லா உயிர்களையும் ‘பிராணி’ என்றே வரையறுக்கிறது. எனவே கோழியும் அதன் பாதுகாப்புக்கு உரியது. பிராணியை வைத்திருப்பவர் அதன் நலனைப் பேணவும், தேவையற்ற துன்பத்தைத் தடுக்கவும் கடமைப்பட்டவர் என்பது இச்சட்டத்தின் அடிப்படையாகும். உடலை அசைக்க இயலாத சிறு கூண்டில் அடைப்பது குற்றமாகும்.

இச்சட்டத்தின் கீழ் 1978இல் இயற்றப்பட்ட பிராணிகள் போக்குவரத்து விதிகளில், கோழிகளுக்கான பகுதி 2001இல் சேர்க்கப்பட்டது. ஏற்றிச் செல்லப்படும் கோழிகள் நோயற்றவை என்று கால்நடை மருத்துவர் சான்றளிக்க வேண்டும். ஒரு கூண்டில் ஒரே இனத்தையும் ஒரே வயதையும் சேர்ந்தவையே இருக்க வேண்டும். ஏற்றுவதற்கு முன் தீனியும் நீரும் தருதல் வேண்டும். வெப்பக் காலத்தில் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை நீர் தருவது கட்டாயம். இவ்விதிகளை இரக்கத்தின் பொருட்டு எழுந்தவை என்று மட்டும் கருதலாகாது. சான்றிதழ் நோயுற்ற பறவையைப் புறப்படும் இடத்திலேயே தடுக்கிறது. வயதுவாரியான பிரிப்பு தொற்றைக் குறைக்கிறது.

2001ஆம் ஆண்டின் இறைச்சிக்கூட விதிகள் மற்றொரு நுட்பமான நிலையைத் தோற்றுவிக்கின்றன. நாளொன்றுக்கு 10 அல்லது அதற்கு மேற்பட்ட பிராணிகள் அறுக்கப்படும் இடம் இறைச்சிக்கூடமே என்பது அவற்றின் வரையறை. மாநகர எல்லைக்குள் அங்கீகாரமோ உரிமமோ பெற்ற கூடத்தில் மட்டுமே உணவுக்காகப் பிராணிகளை அறுக்கலாம். வரையறையை எழுத்துப்படி நோக்கினால், தெருமுனைக் கோழிக் கடைகளுள் பல இதன் வரம்புக்குள் வந்துவிடும். ஆனால் தேவனார்க் கூடமோ ஆடு, எருமை போன்றவற்றுக்காக அமைந்தது. கோழிகள் பெரும்பாலும் கடைகளிலேயே அறுக்கப்படுகின்றன. சட்டத்துக்கும் நடைமுறைக்கும் இடையிலான இந்த இடைவெளியே நோய்த் தடுப்பின் நலிந்த கண்ணியாகும்.

நோய்த் தடுப்புச் சட்டம்

2009ஆம் ஆண்டின் பிராணிகளின் தொற்றுநோய்த் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், நோய் ஐயம் எழுந்தவுடன் அதனைத் தெரிவிக்கும் கடமையை உரிமையாளர் மீதும் பொறுப்பாளர் மீதும் சுமத்துகிறது. நோயுற்ற பறவையைத் தனியே பிரித்து வைத்தல், ஏற்றிச் செல்லும் வண்டிகளைக் கிருமிநாசினியால் தூய்மை செய்தல் ஆகியவற்றையும் அது வலியுறுத்துகிறது. நோயால் இறந்த பிராணியின் உடலை ஆற்றிலோ பிற நீர்நிலையிலோ எறிவது தண்டனைக்குரிய குற்றமாகும். கடற்கழியின் கரையில் வாழ்வோர் இவ்விதியைச் சிறப்பாக மனத்தில் கொள்ள வேண்டும். நீரில் எறியப்படும் ஒரு கோழி காகத்துக்கும் நீர்ப்பறவைக்கும் இரையாகிவிடும்.

பறவைக் காய்ச்சல் பற்றிய 2021ஆம் ஆண்டின் திருத்திய தேசியச் செயல் திட்டத்தின்படி, கோழிகளிடம் நோய் உறுதியானால் அவ்விடத்தைச் சுற்றி 1 கிலோமீட்டர் வரை நோய்ப்பகுதியாகவும், அதற்கு அப்பால் 10 கிலோமீட்டர் வரை கண்காணிப்புப் பகுதியாகவும் கொள்ளப்படும். நோய்ப்பகுதியிலுள்ள வளர்ப்புப் பறவைகள் அழிக்கப்படும். காட்டுப் பறவைகள் அழிக்கப்படுவதில்லை. திறந்த நாட்டுப்புறத்தில் ஒரு கிலோமீட்டருக்குள் சில பண்ணைகளே இருக்கக்கூடும். டிராம்பே போன்ற நெருக்கமான பகுதியிலோ, பல சிறு கடைகள் அவ்வட்டத்துக்குள் அடங்கும். கண்காணிப்புப் பகுதி செம்பூர், மான்குர்டு, கழிக்கு அப்பாலுள்ள வாஷி வரை விரியும்.

அறிவிப்பின் இன்றியமையாமை

அதிகாரிகளால் அழிக்கப்படும் பறவைகளுக்கு அரசு இழப்பீடு வழங்குகிறது. முன்னரே நோயால் மடிந்தவற்றுக்கு இல்லை. ஆகவே, உடனே தெரிவிப்பவர் தம் இழப்பைக் குறைத்துக்கொள்கிறார். இவ்வுண்மை அறியப்படாத இடத்தில், கடைக்காரர் இறந்த கோழியை மறைக்கவும், எஞ்சியவற்றை விரைந்து விற்றுவிடவும் முற்படலாம். உரிமம் இல்லாதவருக்கோ, நோயைத் தெரிவிப்பது தம் கடையைத் தாமே காட்டிக் கொடுப்பதாகத் தோன்றும்.

தண்டனை ஒன்றால் இந்த அச்சத்தை நீக்க இயலாது. 1960ஆம் ஆண்டுச் சட்டம் முதற் குற்றத்துக்கு விதித்த அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரையே. கடைகளை உரிமத்தின் கீழ்க் கொணர்வதும், போதிய நீர், வடிகால், கழிவுத் தொட்டி ஆகிய வசதிகளை ஏற்படுத்துவதும், இழப்பீட்டு விதிகளை மராத்தி, இந்தி, தமிழ் முதலிய மொழிகளில் விளக்குவதுமே பயன் தரும்.

கடைநிலைப் பணிகள் எளியவை. புதிதாக வந்த கோழிகளைப் பழையவற்றுடன் கலவாமல் வைத்தல், நாள்தோறும் கூண்டுகளைக் கழுவி உலர்த்துதல், வாரத்தில் ஒரு நாளேனும் கடையை முற்றிலும் காலி செய்து தூய்மைப்படுத்துதல், கழிவை மூடிய கலத்தில் இட்டு அகற்றுதல் ஆகியவை செலவு மிகுந்தவை அல்ல. நுகர்வோர் இறைச்சியை நன்கு வேகவைத்து உண்டால் அஞ்சத் தேவையில்லை. 70 டிகிரி செல்சியஸ் வெப்பம் இறைச்சி முழுவதும் பரவினால் வைரஸ் அழிந்துவிடும்.

பறவையின் நலன் ஒரு துறையின் பொறுப்பு, மக்களின் நலன் வேறொரு துறையின் பொறுப்பு என்று கோப்புகளில் பிரித்து வைக்கலாம். ஆனால் கூண்டில் இவை பிரிவதில்லை. நீரும் இடமும் பெற்று நலமுடன் இருக்கும் கோழியே, சீட்டா கேம்ப்பின் குழந்தைக்கும் கடற்கழியின் பூநாரைக்கும் முதல் காப்பு ஆகும்.