குழாயைக் கழற்றிக்கொண்டு போகலாம்

கோலா கங்சார் மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் நிற்கும் அந்தப் பழைய பால்மரத்தைப் பார்க்காதவர்கள் நம் ஊரில் குறைவு. 1877இல் இங்கே வந்து இறங்கிய கன்றுகளில் மிஞ்சியது அது. அந்த மரத்தின் பின்னால் வந்த தொழில்தான் நம் பாட்டன் பூட்டன்களைக் கப்பலேற்றியது. தலைமுறை தலைமுறையாக மரம் வெட்டிவிட்டு லயத்தைக் காலி செய்தபோது பெரும்பாலோர் கையில் ஒரு சாண் நிலம் இல்லை. இன்று தாமான் வீட்டு முன்வாசலில் கார் நிற்கிறது, பின்வாசலில் துணி காய்கிறது. விவசாயம் செய்ய ஆசைப்படும் பிள்ளைக்கு மிச்சம் இவ்வளவுதான்.

அடுக்கடுக்காகக் குழாய் பொருத்தி மண்ணில்லாமல் கீரை வளர்ப்பதைப் பற்றி இளைஞர்கள் கேட்கும்போது இதைத்தான் முதலில் யோசிப்பேன். ‘இடம் மிச்சம்’ என்று விற்பவர்கள் சொல்வார்கள். கோலாலம்பூரில் அது பெரிய விஷயம். கோலா கங்சாரில் இடம் அவ்வளவு விலை இல்லை. நம்முடையதாக இல்லை என்பதுதான் சிக்கல். வாடகை நிலத்திலோ ஆண்டுக்காண்டு புதுப்பிக்கும் டிஓஎல் என்ற தற்காலிக உரிம நிலத்திலோ மண்ணைப் பண்படுத்திப் பாத்தி கட்டினால், போகச் சொல்லும் நாளில் அத்தனை உழைப்பும் அங்கேயே கிடக்கும். 2023 அக்டோபரில் ஈப்போவுக்கு வடக்கே கந்தானில் காய்கறிப் பாத்திகளை இயந்திரம் விட்டு அழித்ததை மறந்திருக்க மாட்டீர்கள். இரும்புச் சட்டமும் பிவிசி குழாயும் அப்படியல்ல. கழற்றி லாரியில் ஏற்றினால் அடுத்த இடத்தில் மாட்டிக்கொள்ளலாம். நம்மவர்களுக்கு இந்தத் தொழிலின் முதல் லாபம் இதுதான்.

எல்இடி விளக்கும் குளிர்சாதனமும் வைத்த மூடிய அறைப் பண்ணை வேண்டாம். அமெரிக்காவில் பெரும் முதலீட்டோடு நடந்த ஏரோஃபார்ம்ஸ் 2023இல் திவால் பாதுகாப்பு கேட்டது. பவரி 2024இல் மூடியது. பிளென்டி 2025இல் அதே வழியில் நீதிமன்றம் போனது. அரிசோனாவில் 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பசுமைக்குடிலில் மண்ணில்லாமல் வளர்த்த ஒரு கிலோ சலாட்டுக்கு 20 லிட்டர் தண்ணீரும், வயலில் வளர்த்ததற்கு 250 லிட்டரும் கணக்கிட்டது. இதை எல்லாரும் எடுத்துச் சொல்வார்கள். அதே ஆய்வில் மின்சாரம் முதலான ஆற்றல் செலவு கிலோவுக்கு ஏறக்குறைய 25 யூனிட் என்று இருப்பதைச் சொல்ல மாட்டார்கள். வெயிலை ஓசியில் வைத்துக்கொண்டு விளக்குக்குக் காசு கட்டுவானேன்? சிங்கப்பூரில் 2012இல் தொடங்கிய ஸ்கை கிரீன்ஸ் 9 மீட்டர் உயரக் கோபுரங்களை வெயிலில்தான் சுழலவிட்டது. உள்நாட்டு உணவை 2030க்குள் 30 விழுக்காடாக்குவோம் என்று 2019இல் அறிவித்த அந்த அரசே 2025இல் அந்த இலக்கைக் கைவிட்டது. பணமுள்ளவர்களுக்கே அந்தக் கதி.

நமக்குத் தோது, மழை மறைப்புக் கூரை, பூச்சி வலை, சாய்ந்த சட்டத்தில் நாலைந்து அடுக்குக் குழாய், கீழே தொட்டி, ஒரு சின்ன பம்ப். அதற்குமேல் உயரம் போனால் ஏணி வேண்டும். ஏணி ஏறி அறுக்கும் கீரையில் லாபம் இருக்காது.

அடுத்தது சூடு. நம் ஊர் மதியத்தில் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டிவிடும். சூடான தண்ணீரில் பிராணவாயு குறையும், வேரழுகல் வரும். தொட்டியைப் பாதி மண்ணில் புதையுங்கள், நிழல் கட்டுங்கள், வெள்ளைப் பெயின்ட் அடியுங்கள். குழாய்க்குள் வெளிச்சம் புகுந்தால் பாசி பிடிக்கும். பயிரிலும் பிடிவாதம் கூடாது. கேமரன் மலையில் குளிர்ச்சிக்குச் செலவில்லை, அங்கே அறுத்த சலாட் சிம்பாங் பூலாய் சாலை வழியாக ஈப்போ வந்துசேர அதிக நேரம் ஆகாது. அதோடு விலையில் மோதினால் தோல்வி நமக்கே. சாவி, கங்கோங், பாயாம், பாக் சோய் நம் சூட்டைத் தாங்கும். மலைச் சாலை மண் சரிந்து லாரி நிற்கும் மழைக்காலத்தில் உங்களிடம் சரக்கு இருந்தால், கடைக்காரர் தானே ஃபோன் எடுப்பார்.

அடுத்து, தண்ணீரில் கலக்கும் ஏபி உரம். அதில் ஏன் இரண்டு புட்டி என்று தெரியாமலே பலர் ஊற்றுகிறார்கள். ‘ஏ’யில் கால்சியம், ‘பி’யில் பாஸ்பேட்டும் சல்பேட்டும். தண்ணீர் சேர்க்காமல் இரண்டையும் கலந்தால் சுண்ணாம்புபோல அடியில் படிந்துவிடும், செடிக்குப் போகாது. தொட்டி நிறையத் தண்ணீர் பிடித்தபின் ஒன்றை ஊற்றிக் கலக்கி, பிறகு மற்றதை ஊற்றுங்கள். பிஎச் 5.5க்கும் 6.5க்கும் இடையே, உரத்தின் அடர்த்தியைக் காட்டும் இசி இலைக்கீரைக்கு 1.2 முதல் 2 வரை. காலையில் மீட்டர் வைத்துப் பார்த்து நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டுதான் வேறொருவர் பண்ணைக்கு வேலைக்குப் போகும்போது உங்கள் சான்றிதழ்.

பம்ப் நின்றால் என்ன ஆகும் என்பதை நான் ஒரு தீபாவளிக்கு முந்தின நாள் கற்றேன். காலை பத்து மணிக்குக் கரண்ட் போனது, நான் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தேன். மூன்று மணிக்குப் போய்ப் பார்த்தால் 200 செடியும் தலை தொங்கிக் கிடந்தது. குழாயில் மெல்லிய படலமாக ஓடும் தண்ணீர்தான் வேருக்கு எல்லாம். மாற்றுப் பம்பும் பேட்டரியும் வாங்கிய பிறகே விதை வாங்குங்கள். இந்தத் தொழிலுக்கு நல்ல விவசாயியைவிட நல்ல பிளம்பர் பொருத்தம் என்பது என் கட்சி.

வருமானக் கணக்கைக் கண் திறந்து போடுவோம். ஒரு சட்டத்தில் 200 துளை. செடிக்கு 150 கிராம் என்றால் மாதம் 30 கிலோ. கிலோ 8 வெள்ளிக்குப் போனால் 240 வெள்ளி. விதை, உரம், மின்சாரம், பொட்டலம், அழுகினது என்று பாதி போகும். மிச்சம் 120. நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதைத் தொட 15 சட்டம் வேண்டும், மாதம் ஒன்றுகூடத் தவறாமல். ஆகவே முதல் வருடம் வேலையை விடாதீர்கள். ‘முழு செட்’ விற்பவர் காட்டும் கணக்கில் அழுகினது இருக்காது.

சொந்தப் பண்ணைதான் ஒரே வழி என்றும் இல்லை. மழை மறைப்புக் குடிலில் மிளகாயும் ராக்மெலனும் சொட்டுநீர் உரத்தில் வளர்ப்பவர்களுக்கு, உரம் கலக்கத் தெரிந்த, மீட்டர் படிக்கத் தெரிந்த, பம்பைக் கழற்றி மாட்டத் தெரிந்த ஆள் தேவை. அதே கைவேலைதான். எஸ்பிஎம் முடித்தவர்கள் மாவட்ட விவசாய அலுவலகத்தில் குறுகிய காலப் பயிற்சி பற்றிக் கேளுங்கள். மார்டியின் பயிற்சிகளும் உண்டு. பட்டம் வேண்டுமென்றால் கம்பார் ஊத்தாரில் விவசாய அறிவியல் இருக்கிறது. தாளைவிட ஆறு மாதம் ஒரு பண்ணையில் கைநனைத்தது அதிகம் பேசும்.

காகித வேலை லேசு. எஸ்எஸ்எம்மில் சொந்தப் பெயரில் பதிய வருடத்துக்கு 30 வெள்ளி, கடைப் பெயரில் 60. விவசாய இலாகாவின் மைகேப் சான்றிதழ் இருந்தால் பெரிய கடைகளிடம் பேச்சு எளிதாகும். கடன் என்றால் அக்ரோபேங்க், நம் இந்தியச் சிறு வியாபாரிகளுக்குத் தெக்குனின் ஸ்பூமி திட்டம். ஆனால் கடனைக் கடைசியில் வையுங்கள்.

முதலில் போக வேண்டிய இடம் குழாய்க் கடையல்ல. வாழையிலைச் சாப்பாட்டுக் கடை, சீனர் நூடுல்ஸ் கடை, பசார் மாலாமில் கீரை விற்கும் அக்கா என்று பத்துப் பேரிடம் போங்கள். வாரம் எத்தனை கிலோ, என்ன விலை, எந்த நாள் என்று கேட்டு எழுதி வாருங்கள். மூன்று பேராவது சரி சொன்னால், மீன் கடையில் தூக்கிப்போடும் வெள்ளைப் பெட்டி ஒன்றைக் கழுவி உரத்தண்ணீர் ஊற்றி, மூடியில் ஆறு துளை போட்டுச் சாவி நாற்று வையுங்கள். இதற்குப் பம்பும் வேண்டாம். இந்த வாரம் விதைத்தால் அடுத்த மாதக் கடைசிக்குள் அறுத்து, அந்த மூன்று பேருக்கும் ஓசியில் ஒரு கட்டுக் கொடுத்துவிடலாம்.