பக்கத்துப் போரில் தண்ணீர், நம் போரில் புழுதி

வைட்ஃபீல்டில் போர் போடும் லாரி வந்தால் தெருவே கூடி நிற்கும். முதலில் சிவப்பு மண் வரும். பிறகு வெள்ளைப் புழுதி பறக்கும். 300 அடி, 700 அடி, 1000 அடி. "இன்னும் ஈரமே காணோமே" என்று யாராவது சொல்வார்கள்.

எங்கள் வகுப்பில் ஒரு அக்கா கேட்டார்:

"பக்கத்து காம்பவுண்டில் 300 அடியில் தண்ணீர் வந்தது. எங்கள் ஓனர் 1000 அடி போட்டும் வரவில்லை. நடுவில் 20 அடிதான் தூரம். பூமிக்குள் தண்ணீர் ஆறு மாதிரி ஓடுகிறது என்றால் எங்களுக்கும் வர வேண்டாமா, தம்பி?"

நல்ல கேள்வி. நம் ஊரில் பூமிக்குள் தண்ணீர் ஆறு மாதிரி ஓடவில்லை. அதுதான் விஷயம்.

மேலே இருப்பது செம்மண். அதில் இரும்பு கலந்திருக்கிறது. பழைய ஆணி துருப்பிடித்தால் என்ன நிறம்? அதே துருதான் மண்ணுக்கும் நிறம் தருகிறது. செம்மண்ணுக்குக் கீழே மக்கிப்போன பாறை. கையால் நசுக்கினால் உதிரும். மழைநீர் இதில் பஞ்சில் ஊறுவது போல ஊறி நிற்கும். அந்தக் காலத்துக் கிணறுகளில் ஊறியது இந்தத் தண்ணீர்தான்.

அதற்கும் கீழே கெட்டிப் பாறை. லால்பாக் போயிருக்கிறீர்களா? அங்கே குன்று போல ஒரு பாறை வெளியே தெரிகிறது அல்லவா? அதே இனம்தான் நம் காலுக்குக் கீழேயும் இருக்கிறது. அதன் வயது சுமார் 300 கோடி ஆண்டுகள். படித்தவர்கள் இதற்கு 'நைஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தொட்டுப் பார்த்தால் நைசாக இருக்காது!

இந்தப் பாறைக்குள் தண்ணீர் நுழையாது. ஆனால் பழைய சுவரில் இருப்பது போல இதில் வெடிப்புகள் உண்டு. தண்ணீர் நிற்பது அந்த வெடிப்புகளில்தான். போர் ஒரு வெடிப்பைத் தொட்டால் தண்ணீர். 20 அடி தள்ளிப் போட்டு வெடிப்பைத் தவறவிட்டால் புழுதி. ஆழம் போகப் போக வெடிப்புகள் குறையும், இறுகும். ஆகவே இன்னும் 200 அடி போட்டால் வந்துவிடும் என்பது நிச்சயமில்லை. உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பதை நான் நம்புவதில்லை. தேங்காய்க்கு வெடிப்பு தெரியாது.

வெடிப்பில் இருக்கும் தண்ணீரும் மேலேயிருந்து இறங்கியதுதான். இறைத்த அளவு இறங்காவிட்டால் போர் வற்றும். 2023இல் மழை பொய்த்தது. 2024 மார்ச்சில் கர்நாடக அரசு ஒரு கணக்குச் சொன்னது. பெங்களூரில் இருந்த சுமார் 13,900 போர்களில் 6,900 வற்றிவிட்டன. அந்தக் கோடையில் வைட்ஃபீல்ட் டேங்கர் லாரியை எதிர்பார்த்து நின்றது.

பெங்களூருக்கு மழை குறைவா? இல்லை. சராசரியாக ஆண்டுக்கு 90 செ.மீ.க்கு மேல் பெய்கிறது. ஒரு சதுர அடியில் 1 செ.மீ. மழை பெய்தால் ஏறக்குறைய 1 லிட்டர் தண்ணீர். 1200 சதுர அடிக் கூரையில் ஓர் ஆண்டில் ஒரு லட்சம் லிட்டர் விழுகிறது. 12,000 லிட்டர் டேங்கரில் எட்டு டேங்கர்! விலை கிடையாது.

அது எங்கே போகிறது? மண்ணைத்தான் சிமெண்டும் தாரும் மூடிவிட்டனவே. சாக்கடையோடு கலந்து வர்த்தூர் ஏரிக்குப் போகிறது. அங்கிருந்து தென்பெண்ணையில் சேர்ந்து ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்குப் போகிறது. இங்கே கலந்த அழுக்கும் கூடவே போகிறது. கிருஷ்ணகிரியிலிருந்து இங்கே வேலைக்கு வந்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பெங்களூரில் மழைநீர் சேகரிப்பு 2009இல் சட்டமானது. பெரிய கட்டடங்களுக்கு அது கட்டாயம். கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடிக்கலாம். மிஞ்சியதை உறை இறக்கிய குழியில் விட்டால் மக்கிய பாறையில் ஊறும். டேங்கர் காசை வாடகையோடு சேர்த்து வாங்குகிறார்களா? அப்படியானால் குழி இருக்கிறதா என்று கேட்க வாடகைக்கு இருப்பவருக்கும் உரிமை உண்டு.

செய்து பார்ப்போம்

உங்கள் லைன் வீட்டுக் கூரையை அடிக்கணக்கில் அளந்து எழுதுங்கள்.

நீளம் ....... × அகலம் ....... = ....... சதுர அடி
....... சதுர அடி × 90 = ....... லிட்டர்

உங்கள் வீட்டுக்கு ஒரு நாளைக்கு எத்தனை குடம் வேண்டும்? ஒரு குடம் 15 லிட்டர் என்று வைத்து, இந்தத் தண்ணீர் எத்தனை நாள் வரும் என்று குழுவில் கணக்கிடுங்கள்.