விரைவை உணர்த்தும் சாய்வெழுத்து

முன்னுரை

எழுத்து ஒலிக்குக் குறியாவதோடு அமையாது, தன் வடிவாலும் பொருளுணர்த்த வல்லது. விளையாட்டு விழாப் பதாகைகளில் தடித்து, வலப்புறம் சாய்ந்து நிற்கும் எழுத்துகளைக் காண்கிறோம். சொல்லைப் படிக்குமுன்னரே அவை விரைவையும் வலிமையையும் நம் நெஞ்சில் பதித்துவிடுகின்றன. இவ்வாற்றல் அவற்றுக்கு எங்ஙனம் வாய்த்தது என்பதை ஈண்டுக் காண்போம்.

சாய்வும் தடிப்பும்

சாய்வெழுத்து விரைவைக் காட்டப் பிறந்ததன்று. வெனிசு நகரப் பதிப்பாளர் ஆல்டசு மனூசியசுக்காகப் பிரான்செசுகோ கிரிஃபோ என்பார், கற்றோர் கையெழுத்தைத் தழுவி அதனைச் செதுக்கினார். 1501இல் வெர்சிலின் கவிதைகள் அவ்வெழுத்தில் கையடக்க நூலாக வெளிவந்தன. அந்நூலில் சிற்றெழுத்துகளே சாய்ந்தன. தலைப்பெழுத்துகள் நிமிர்ந்தே நின்றன. அமைதியாகப் படிப்பதற்குரிய எழுத்து அது.

தடித்த எழுத்தோ விளம்பரத்தின் குழந்தை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் அச்செழுத்து வார்ப்பகங்கள், தொலைவில் செல்வோர் கண்ணையும் ஈர்க்கும்பொருட்டு அதனைப் பெருக்கின.

விரைவின் குறி

சாய்வுக்கும் விரைவுக்கும் உள்ள உறவை வலுப்படுத்தியவற்றுள் ஒளிப்படமும் ஒன்று. பிரெஞ்சு நாட்டு லார்டீக், ஓடும் பந்தய மகிழுந்தைப் படமெடுத்தார். ஒளிப்பெட்டியின் திரையிலுள்ள பிளவு நகர்ந்து செல்கையில் சக்கரத்தின் அடி முன்னரும் முடி பின்னரும் பதிவாயின. அதற்குள் வண்டி முன்னேறிவிட்டமையின், வட்டச் சக்கரம் முன்சாய்ந்த நீள்வட்டமாயிற்று. கருவியின் குறையே விரைவின் குறியாயிற்று! கேலிச்சித்திரக்காரர்களும் ஓடும் வண்டிகளை முன்சாய்த்தே வரைந்தனர்.

பால் ரென்னர் வடித்து 1927இல் வெளிவந்த ஃபியூச்சரா, வட்டமும் நேர்கோடும் கொண்ட அமைதியான எழுத்து. அதன் குடும்பத்தில் பின்னர்ச் சேர்ந்த தடித்து ஒடுங்கிச் சாய்ந்த வகையை நைக்கி நிறுவனம் தன் விளம்பரங்களில் ஆண்டமை, இக்குறி விளையாட்டுலகில் வேரூன்றியமைக்குச் சான்றாகும்.

வரைதலும் தள்ளுதலும்

நிமிர்ந்த எழுத்தைக் கணிப்பொறியால் பக்கவாட்டில் தள்ளிவிட்டால் சாய்வெழுத்து ஆகிவிடாது. ஆங்கில 'ஓ' எழுத்தைத் தள்ளினால், வல மேற்புறமும் இடக் கீழ்ப்புறமும் பருத்து, ஏனைய இரு மூலைகளும் மெலிகின்றன. 'ஏ' எழுத்தின் இடக்கால் மெலிந்து வலக்கால் பருக்கிறது. தடித்த எழுத்தில் இக்குறை மிகுதியும் புலப்படும். ஆதலின் வல்லுநர் ஒவ்வொரு வளைவையும் மீண்டும் திருத்தி வரைகின்றனர்.

சுழிகள் நிறைந்த தமிழெழுத்துக்கு இவ்விழிப்பு இன்னும் வேண்டும். 'ண' கரத்தைத் தடிப்பாக்கிச் சாய்த்தால் சுழிகளின் உள்வெளி அடைபட்டு, 'ன' கரமோ என ஐயுற நேரும். சுழி திறந்திருத்தலும் புள்ளி தெளிவாக நிற்றலும் முதற்கடன். சாய்வு அதன் பின்னரே.

முடிவுரை

சாய்வுக்கு விரைவு பிறவிக் குணமன்று. பழக்கம் தந்த பொருள். அருகில் நிமிர்ந்த எழுத்து நிற்கும்வரையே அது விரைவாகத் தோன்றும். எல்லாம் சாய்ந்தால் எதுவும் ஓடுவதில்லை. எனவே விழாப் பெயரைச் சாய்த்து எழுதுவோம். நாளும் நேரமும் இடமும் நிமிர்ந்தே நிற்கட்டும். ஓடிச் செல்வோரும் படித்தறியக் கூடுமாயின், அதுவே எழுத்தின் வெற்றி எனலாம்.