நீரளவே பாத்தி: ஒரு குடும்பத்தின் கோடைத் தோட்டம்

கோடைகாலத்தில் வீட்டுத் தோட்டம் வைப்பது வீண் சிரமம் என்று நம் அங்கத்தினரிற் பலர் கருதுகின்றனர். மாசியில் முளைத்தவை சித்திரையிற் கருகிப்போவதைக் கண்டவர்கள் அவ்வாறு எண்ணுவது இயல்பே. ஆயின் பெரும்பாலும் குற்றம் வெயிலினுடையதன்று, கணக்கினுடையது. ஒரு குடும்பத்தை உதாரணமாகக்கொண்டு இதனை ஆராய்வோம்.

கொங்கு நாட்டுப் புன்செய்க் கிராமம் ஒன்றில் ஐவர் அடங்கிய குடும்பம்: கணவன், மனைவி, பாட்டி, பன்னிரண்டு வயதுப் பெண், ஆறு வயதுப் பையன். அந்தி வேளையில் பையன் திண்ணைப் படியில் தடுக்கி விழத் தொடங்கினான். வைத்தியரிடம் காட்டியபோது அது மாலைக்கண் என்றும், வைட்டமின் ஏ என்னும் சத்துக் குறைவால் வருவது என்றும் தெரிந்தது. மருந்தினாற் பார்வை திரும்பிற்று. அந்நோய் மறுபடி வராமற் காப்பது முருங்கைக்கீரை, அகத்திக்கீரை, அரைக்கீரை போன்றவற்றைச் சிறிது எண்ணெய் சேர்த்துச் சமைத்து அடிக்கடி உண்பதேயாம். சந்தையோ வாரத்திற்கு ஒரு நாள். ஆகவே வீட்டிலேயே கீரை பயிரிடுவதென முடிவாயிற்று.

முதல் வருஷம் குடும்பத் தலைவர் ஆர்வமிகுதியால் பத்துப் பாத்திகள் போட்டார். பங்குனி வரையில் தோட்டம் பசுமையாயிருந்தது. சித்திரையில் கிணற்று நீர் அடிமட்டத்திற்குப் போயிற்று. மாட்டுக்கு வேண்டிய நீருக்கே தட்டுப்பாடு. எல்லாப் பாத்திக்கும் கொஞ்சங் கொஞ்சமாக ஊற்றினார். அக்கினி நட்சத்திரத்தில் எல்லாப் பாத்தியும் ஒருங்கே வாடின. “கிணற்றைக் கேட்டா பாத்தி போட்டாய், கண்ணு?” என்று பாட்டி கேட்டாள். அவ்வொரு கேள்வியே அடுத்த வருஷத்திற்குப் பாடமாயிற்று.

மறு வருஷம் தை மாதத்திலேயே அவர்கள் நீரை அளந்தனர். பதினைந்து லிட்டர் கொள்ளும் குடத்தை அளவாக வைத்துக்கொண்டனர். ஐவர் குளித்த நீர் 6 குடம். பாத்திரமும் காய்கறியும் கழுவிய நீர் 2 குடம். அரிசி கழுவிய நீர் கழுநீர்த் தொட்டி வழியே மாட்டுக்குப் போவதால் அதனைக் கணக்கிற் சேர்க்கவில்லை. ஆக நாளொன்றுக்கு 8 குடம்.

10 அடி நீளமும் 4 அடி அகலமுமுள்ள பாத்தி ஒன்றுக்குக் கடுங்கோடையில் நாள்தோறும் ஏறக்குறைய 30 லிட்டர், அதாவது 2 குடம் வேண்டும். எனவே 8 குடத்திற்கு 4 பாத்தி. முந்திய வருஷத்துப் பத்துப் பாத்திகளுக்கு 20 குடம் தேவைப்பட்டிருக்கும் என்பது அப்பொழுதுதான் விளங்கிற்று.

நான்கு பாத்திகளையும் பின்வருமாறு பகிர்ந்தனர். முதற்பாத்தியை இரண்டாக வகுத்து, பத்து நாள் இடைவெளி விட்டுச் சிறுகீரை விதைத்தனர். 25 நாளில் அது பறிக்கத் தயாராகும். இரண்டாவதில் வெண்டை, 45 நாளிற் காய்க்கத் தொடங்கும். மூன்றாவதில் நாற்றுவிட்டு நட்ட கத்தரி. அதன் ஓரத்தில் துலுக்கச் சாமந்தி. இது கண்ணுக்கு இனிமை தருவதோடு, வேரைத் தாக்கும் நூற்புழுவையும் குறைக்கவல்லது. நான்காவதில் வறட்சி தாங்கும் கொத்தவரை. குளியலறை நீர் வழிந்தோடும் இடத்தில் வாழை. மேற்கே பிற்பகல் வெயிலை மறைக்க அகத்தி.

மல்லிகைக்கு நீர் எங்கே என்று பெண் கேட்டாள். வெள்ளிக்கிழமை எண்ணெய் ஸ்நானத்திற்குச் செலவாகும் மிகுதி நீர் மூன்று மல்லிகைச் செடிகளுக்கென ஒதுக்கப்பட்டது. கார்த்திகையிற் கவாத்துச் செய்திருந்த அச்செடிகள் பங்குனி முதல் மொட்டு விட்டன. மாலையில் மொட்டுப் பறித்துச் சரம் தொடுப்பது பாட்டியின் வேலை.

நீரைச் செலவிடும் முறையும் முக்கியம். வேரடியில் மாலையில் ஊற்றவேண்டும், இலைமேல் ஊற்றலாகாது. செடிகளுக்கிடையே இரண்டு அங்குல கனத்திற்குக் கடலைத் தோலோ சருகோ பரப்பினால் ஈரம் விரைவில் ஆவியாகாது. தண்டை ஒட்டி மட்டும் குவிக்கலாகாது. சலவைச் சோடா கலந்த நீரைப் பாத்திக்கு விடலாகாது. கழிவு நீரை ஒரு நாளுக்கு மேல் தேக்கிவைத்தால் கொசு பெருகும். சாணத்தை நன்கு மட்கவைத்தே இடவேண்டும். பச்சைச் சாணம் கறையானை அழைக்கும்.

சித்திரையில் ஒரு சோதனை நேர்ந்தது. வெண்டைச் செடிகள் மூன்றில் இலை நரம்புகள் மஞ்சளாயின. இது வெள்ளை ஈ பரப்பும் நோய், மருந்தினால் மாறாது. காய்க்கும் தறுவாயிலுள்ள செடியைப் பிடுங்க மனைவிக்கு மனம் வரவில்லை. எனினும் மூன்றையும் அன்றே பிடுங்கிப் புதைத்தாள். இருபது செடிகளில் பதினேழு எஞ்சின; கொல்லையிற் பாதி வெண்டையை இழப்பதினும் மூன்றை இழப்பது மேலன்றோ?

அக்கோடை முழுவதும் அவ்வீட்டில் வாரத்தில் நான்கு நாள் கீரை சமைத்தனர். பெண் குடத்தை எண்ணிச் சுவரிற் கரிக்கோடு இட்டு வந்தாள். வைகாசி அந்தியில் மல்லிகை மொட்டுப் பறிக்கும் பாட்டிக்குப் பையன் கூடை தாங்கி நின்றான். மங்கிய வெளிச்சத்தில் அவள் விட்டுவிட்ட மொட்டுக்களைக் காட்டிக்கொடுத்தவனும் அவனே.

நம் நாட்டில் ஐக்கிய நாணய சங்கங்களைத் தோற்றுவித்த 1904-ஆம் ஆண்டுச் சட்டம், சிக்கனம், சுயவுதவி, ஒத்துழைப்பு ஆகியவற்றை வளர்ப்பதே தன் நோக்கமெனக் கூறிற்று. வருவாய்க்கு மேற் கடன் வாங்குவதும் நீருக்கு மேற் பாத்தி போடுவதும் ஒரே தன்மையவாம். இரண்டும் கெடுவில் கைவிடும். அங்கத்தினர்கள் செய்து பார்க்கவேண்டியவை:

1. மூன்று நாள் வீட்டுக் கழிவு நீரைக் குடத்தால் அளந்து சராசரி காண்க.
2. அதனை இரண்டால் வகுத்து வரும் எண்ணுக்கு மிகாமற் பாத்தி போடுக.
3. நோயற்ற வெண்டைச் செடி ஒன்றை அடையாளமிட்டு, அதன் காய்களை முற்றவிட்டு விதை எடுக்க. அடுத்த சங்கக் கூட்டத்திற்கு வரும்போது அவ்விதையில் ஒரு பிடி கொணர்ந்து, இல்லாதவரோடு பகிர்ந்துகொள்க.