ஐந்து கோடும் மூன்று சாவியும்

மேனாட்டு இசை பயிலும் மாணவியரைத் திகைக்க வைப்பது கோட்டின் தொடக்கத்தில் நிற்கும் 'கிளெஃப்'. பிரெஞ்சில் இதற்குச் சாவி என்று பொருள். சாவி வந்த பின்னரே ஐந்து கோடுகளும் பெயர் பெறுகின்றன.

டிரெபிள் சாவியின் சுழி கீழிருந்து இரண்டாம் கோட்டைச் சுற்றும், அது 'ஜி'. பேஸ் சாவியின் இரு புள்ளிகள் நான்காம் கோட்டின் மேலும் கீழும் நிற்கும், அது 'எஃப்'. வயோலாவுக்குரிய ஆல்டோ சாவியில் நடுக்கோடு 'சி'. ஆகவே, அதே நடுக்கோடு டிரெபிளில் 'பி', ஆல்டோவில் 'சி', பேஸில் 'டி'!

நாஞ்சில் நாட்டு ஆலயங்களில் பாடும் பெண்களுக்கு டிரெபிள் போதும். ஆர்கனில் இடக்கை வைத்தால் பேஸ் தெரியாமல் தீராது. நடு 'சி'யைப் பிடித்துக்கொள்ளுங்கள். டிரெபிளுக்குக் கீழே ஒரு சிறுகோடு, பேஸுக்கு மேலே ஒரு சிறுகோடு. இரண்டும் ஒரே கட்டைதான். அங்கிருந்து எண்ணிப் பழகலாம்.

பழைய இலத்தீன் கிரகோரியன் பாட்டுப் புத்தகங்களில் நான்கே கோடுகள். அங்குள்ள 'சி' சாவி கோடு மாறி நிற்கும், சுருதியையும் கட்டுப்படுத்தாது. நம் ஷட்ஜம் போலக் குரலுக்கேற்ப வைத்துக்கொள்ளலாம்.

சென்னைக் கத்தோலிக்கரான ஏ. எம். சின்னசாமி முதலியார் 1893-ல் தியாகராஜர் கீர்த்தனைகளையே மேனாட்டுக் குறியீட்டில் அச்சிட்டார். கமகங்கள் மட்டும் எந்தச் சாவிக்கும் எளிதில் திறப்பதில்லை.